149 பேர்



குருக்களைக் குறித்து ஒரு குருவே எழுதக் கூசும் பொருள் ஒன்று உண்டு. அந்தக் கூச்சம் யாருக்குப் பயன்பட்டது என்பதை அறிந்தபின், எழுதாதிருக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

ஐக்கிய அமெரிக்க ஆயர்கள், 2002-இல் அங்கு எழுந்த பெரும் புயலுக்குப் பின், சிறார்மீது குருக்கள் இழைத்ததாகக் கூறப்பட்ட பாலியல் கொடுமைகளை ஆராயுமாறு நியூயார்க் நகரின் ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியை வேண்டினர். 97 விழுக்காடு மறைமாவட்டங்கள் தம் ஆவணங்களிலிருந்து விவரம் அளித்தன. 2004-இல் வெளிவந்த அறிக்கையின்படி, 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டுகளில் பணியாற்றியோருள் இது ஏறத்தாழ 4 விழுக்காடு. “இவ்வளவுதானா?” என ஆறுதல் கொள்வோர் மேலும் படிக்கட்டும். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மீது இருந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு. பத்துக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளுக்கு உள்ளானவர்கள் 149 பேர். அவர்களால் துன்புற்றதாகக் கூறப்பட்டோரோ 2,960 பேர்; மொத்தத்தில் கால்பங்குக்கும் மேல்!

முதற் பிள்ளையின் கண்ணீரோடு அவர்கள் தடுக்கப்பட்டிருந்தால்? ஆயர்களுள் பலர் அவ்வாறு செய்யவில்லை. குற்றம் செய்தவரைச் சிகிச்சைக்கு அனுப்பினர். திரும்பியதும் வேறொரு பங்கில் அமர்த்தினர். அப்பங்கு மக்களுக்கு ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. இடறலைத் தவிர்த்ததாக அவர்கள் எண்ணினர் போலும்.

இத்தகையோர் இருளில் பதுங்கி வருபவர் அல்லர். குடும்ப நண்பராகி, உணவு மேசையில் அமர்ந்து, பிள்ளைக்குப் பரிசு தந்து, உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றவர்கள் அவர்களுள் பலர். பெற்றோர் அதைப் பேறாகவே கருதினர். சில வீடுகளில் உடன்பிறந்தோரும் இரையாயினர்.

அதே கல்லூரி 2011-இல் இரண்டாம் அறிக்கை வெளியிட்டது. குருக்களின் மணத்துறவு இதற்குக் காரணமன்று என்று அது கூறியது; நம்மவர் அதை மட்டும் விரும்பி எடுத்துக்காட்டுவர். தவறப்போகிறவரை முன்கூட்டியே அடையாளம் காட்டும் உளக்கூறு எதுவும் கிட்டவில்லை என்பதும் அதில் உள்ளதே! குருமடத் தேர்வாளர்கள் இதனைக் கருதுவார்களாக.

கொடுமைகள் மிகுந்திருந்தது 1970-களில். குற்றச்சாட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கோ 1993-க்குப் பின்னரே வந்தன. அன்று பன்னிரண்டு வயதாயிருந்த பையன், முப்பதைக் கடந்தபின் வாய் திறந்தான். அவர்களுள் சிலர் அன்றே வீட்டில் சொன்னதுண்டு, “குருவைப் பற்றி இப்படிப் பேசுவதா?” என்று அடிபட்டதும் உண்டு.