மனை வீடியோ ஏன் ஆடுது? ஆடாம எடுத்தா மட்டும் போதுமா?

சென்னை, கோயமுத்தூர்னு வெளியூர்ல இருக்கற நம்ம சொந்தங்க போனுக்கு இப்பல்லாம் மலையடிவார மனை வீடியோ நிறைய வருது. ஒரு பாட்டைப் போட்டு, கொல்லிமலையைப் பின்னாடி வெச்சு, மேல இருந்து நிலத்தைச் சுத்திக் காட்டுவாங்க. எங்க பேளுக்குறிச்சி பக்கமும் காட்டுக்கு மேல ட்ரோன் சத்தம் கேக்குது. எடுக்கறது வெளியாளுங்க இல்லைங்க, நம்ம பசங்கதான். அவங்க சொல்ற குறை ஒண்ணுதான்: "படம் ஆடுதுங்க மாமா."

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆட்டத்துக்குக் காரணத்தைத் தேடிக் கருவியில சரி பண்ணணும். கம்ப்யூட்டர்ல போட்டு மறைக்கறது நிலப் படத்துக்கு ஆகாது. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல, படம்தான் ஆடுதா, இல்ல ஓட்டிப் பாக்கற போன் திணறுதான்னு பாக்கணும். 4கே படத்தைப் பழைய போன்ல ஓட்டுனா நின்னு நின்னுதான் போகும். மெமரி கார்டு வேகம் பத்தலைன்னாலும் விட்டு விட்டுப் பதியும். அதே படத்தை வேற நல்ல கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தா பாதி சந்தேகம் தீந்துரும்.

அங்கயும் ஆடுதுன்னா, எப்படி ஆடுதுன்னு கவனிக்கணும். படம் ஜெல்லி மாதிரி நெளிஞ்சா அது அதிர்வு. கேமரா முழுப் படத்தையும் ஒரே நேரத்துல பதியறதில்லை, வரிவரியாத்தான் பதியுது. அந்த இடைவெளியில கருவி நடுங்குனா நேரா இருக்கற தென்னை மரமும் பாம்பு மாதிரி வளையும். இறக்கை நுனி சிதைஞ்சிருக்கும், ஆணி லூசா இருக்கும், மோட்டார்ல மண்ணு போயிருக்கும், இல்லைன்னா கேமராவைத் தாங்கற சின்ன ரப்பர் இறுகிப் போயிருக்கும். இறக்கையில கீறல் விழுந்தா ஒட்டு போடாம மாத்திரணும். விலை கம்மிதான்.

வெயிலும் ஒரு காரணம். நல்ல வெளிச்சத்துல ஷட்டர் தானாவே ஆயிரத்துல ஒரு பங்கு நொடிக்குப் போயிரும். அப்ப சின்ன நடுக்கமும் வெட்டு வெட்டாத் தெரியும். நொடிக்கு 25 படம்னா ஷட்டர் 50-ல ஒரு பங்கு நொடி இருக்கறது வழக்கம். அதுக்கு லென்ஸ் முன்னாடி என்டி ஃபில்டர்ங்கற கருப்புக் கண்ணாடி மாட்டணும். ஆனா அது அதிர்வை நிறுத்தாது, உறுத்தாம காட்டும், அவ்வளவுதான்.

அடிவானம் ஒரு பக்கமா சாஞ்சு தெரிஞ்சா, கேமராவைப் புடிச்சிருக்கற கிம்பலைச் சமதளத்துல வெச்சு மறுபடி அளவு பண்ணணும். வரப்பு மேல வெச்சுப் பண்ணுனா கோணலாத்தான் வரும். ஒரே இடத்துல நிக்காம வட்டம் போட்டுச்சுன்னா திசைகாட்டியைச் சந்தேகப்படணும். டிராக்டர் பானட், இரும்புக் கட்டில், மோட்டார் ரூம் தகரம் மேல வெச்சு ஏத்தவே கூடாது. திரும்பும்போது மட்டும் வெடுக்குன்னு இழுத்தா அது கைப்பழக்கம். சினி மோடுல வெச்சு, மாட்டைத் திருப்பற மாதிரி மெதுவாத் திருப்பணும்.

கடைசியா காத்து. ஆடி மாசத்துக் காத்து எப்படி இருக்கும்னு விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது மலையில மோதிச் சுழலும். 250 கிராமுக்குள்ள இருக்கற குட்டி ட்ரோன் அதுல காகிதம் மாதிரிதான். பொழுது கிளம்பின முதல் ஒரு மணி நேரம் காத்து பெரும்பாலும் அமைதியா இருக்கும். நிலம் சூடேறுனா கீழ இருந்தும் காத்து எழும்பும்.

இப்ப, ஏன் மறைக்கக் கூடாதுன்னு சொன்னேன்னா: கம்ப்யூட்டர்ல ஆட்டத்தைக் குறைக்கும்போது அது படத்தோட ஓரத்தை வெட்டிட்டுத்தான் நிலைநிறுத்துது. கல்யாண வீடியோவுல ஓரம் போனா பரவால்ல. நிலத்துல ஓரத்துலதாங்க எல்லாம் இருக்கு. அத்துக்கல், வண்டித்தடம், ஓடை, பக்கத்துக் காட்டுக்காரன் வேலி, மேல போற கரண்டுக் கம்பி, எல்லாமே ஓரந்தான்.

இன்னொண்ணு, நேர் மேல இருந்து எடுத்தா சரிவு தெரியாது. அடிவார நிலம் சமமா இருக்கறது அபூர்வம். மழை பேஞ்சா தண்ணி எங்க இறங்கும்ங்கறதுதான் இங்க முதல் கேள்வி. ஓடையை மேவி மனை பிரிச்சா, அந்தத் தண்ணி ஒண்ணு வாங்கினவர் வீட்டுக்குள்ள வரும், இல்ல கீழ்க்காட்டுக்காரன் வெள்ளாமையில பாயும். வீடியோவுல பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருந்த இடத்துக்கு நேர்ல வந்து, "இவ்வளவு சரிவா?"ன்னு நிக்கறவங்களை நான் பாத்திருக்கேன்.

அதனால பசங்களுக்கு நான் சொல்றது: காலையில சூரியன் தாழ இருக்கும்போது எடுங்க. காத்தும் இருக்காது, நிழல் நீளமா விழறதால மேடு பள்ளமும் தெரியும். உயரத்துல ஒரு சுத்து, பக்கவாட்டுல தாழ ஒரு சுத்து, நாலு மூலையும் முழுசா. பக்கத்துக் காட்டுல ஆளுங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏத்துங்க. கிணத்துல பொம்பளைங்க குளிக்கற நேரம் தெரியாம மேல பறக்கறது மரியாதையில்லை. சட்டமும் இருக்கு. 2021 ட்ரோன் விதிப்படி பச்சை மண்டலத்துல 400 அடிக்கு மேல அனுமதி இல்லாம போகக் கூடாது. 250 கிராம் தாண்டின ட்ரோனை வியாபாரத்துக்கு ஓட்டணும்னா பைலட் சான்றிதழ் வேணும்.

வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊரு சனிக்கிழமை சந்தையில மல்லி வாங்க வர்றவங்களே கையில கசக்கி மோந்து பாத்துத்தான் வாங்கறாங்க. லட்சக்கணக்குல நிலம் வாங்கறவங்க ரெண்டு நிமிஷப் படத்தை நம்பி அட்வான்ஸ் போடலாமா? 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பண்ண வேண்டிய மனைத் திட்டத்தோட விளம்பரத்துல ரெரா பதிவு எண் இருக்கணும். வீடியோவும் விளம்பரந்தான். அதே சட்டத்தோட 12-வது பிரிவு, விளம்பரத்துல இருந்த பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேக்கற உரிமை குடுக்குது. அதனால அனுப்புன வீடியோவை அழிக்காம வெச்சுக்கங்க.

பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாத்தையும் அரசு இணையதளத்துலயே பாக்கலாம். வில்லங்கச் சான்று போடுங்க. புலப்படத்தைக் கையில வெச்சுக்கிட்டு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. ஓடைன்னு போட்டிருக்கற இடத்துல வீடியோவுல என்ன இருக்குன்னு தேடுங்க. அப்புறம் ஐப்பசி மழை பேயற ஒரு நாளாப் பாத்து நேர்ல வாங்க. சேறு இருக்கும், செருப்பு ஒட்டும். ஆனா தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு அன்னைக்குத்தான் தெரியும்.