குறி தவறாத கைகள்

கூடைப்பந்தில் குறிபார்த்து எறிவதில் சிறந்தவர் யாரென்று கேட்டால், இன்று எல்லோரும் ஸ்டீபன் கரி என்பார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் 2015-16 பருவகாலத்தில் மட்டும் அவர் 402 மூன்று புள்ளிக் கூடைகளைப் போட்டார். லாரி பேர்ட் 13 பருவகாலங்களில் போட்டதோ 649தான். இந்தக் கணக்கை வைத்துப் பேர்டைக் குறைத்து மதிப்பது நியாயமல்ல. அத்தொடரில் மூன்று புள்ளிக் கோடு வந்ததே 1979இல், அவர் அறிமுகமான அதே பருவகாலத்தில். அவ்வளவு தூரத்திலிருந்து எறிவதைப் பயிற்றுநர்கள் பலர் அன்று விரும்பவில்லை. எறியவிடாத கைக்கு எண்ணிக்கை எங்கிருந்து வரும்? மூன்று புள்ளி எறிதலுக்கென்றே 1986இல் தொடங்கிய போட்டியில் முதல் மூன்று ஆண்டுகளும் வென்றவர் பேர்ட்தான்.

காலங்களை ஒப்பிட நான் நம்புவது ஃப்ரீ த்ரோவை. எதிரணி தவறிழைத்தால் கிடைக்கும் எறிதல் அது. அன்றும் இன்றும் 15 அடி, மறிக்க எவருமில்லை. 1950களில் ஆடிய பில் ஷார்மன் நூற்றுக்கு 88ஐக் கூடையில் இட்டார். பேர்ட் ஏறத்தாழ 89. கரி 91. இத்தனை ஆண்டுகளில் கூடியது மூன்றே பந்துகள்!

ஆனாலும் ஓடிக்கொண்டே, இருவர் மறிக்க, கோட்டுக்கு வெகு அப்பாலிருந்து எறியும் துணிவில் கரிக்கு நிகராக முன்னவர் எவரையும் என்னால் சொல்ல முடியவில்லை.