ஏழாம் மாதத்தில் தீபாவளிக் கடை: 98 நாள் விடுப்பு யாருக்கு?

2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பினாங்கு, ஈப்போ லிட்டில் இந்தியா என்று நாட்டின் பல இடங்களிலும் கூடாரக் கடைகள் எழும் காலம் அது. துணிக்கடை, பலகாரக்கடை, அகல் விளக்குக் கடை ஆகியவற்றுக்கு நடுவே ஒரு மேசையை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கும் சிறு வியாபாரிகளில் பலர் பெண்கள். பட்டு நூல் வளையல், குவில்லிங் காதணி, மரப்பலகைக் கோலம், ரெசின் விளக்குத் தட்டு, சீர்வரிசைத் தட்டு அலங்காரம், வீட்டிலேயே சுட்ட அச்சு முறுக்கு என எல்லாம் கையால் செய்தவை. அவர்களில் சிலர் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள். வாங்க வருவோர் "எத்தனை மாசம்மா?" என்று அன்போடு கேட்டுவிட்டு நகர்ந்து விடுகிறார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர் குறைவு.

சட்டம் அவரைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கணவருக்கு 7 நாள் விடுப்பு வந்தது. கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்குவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. பெண்கள் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் நெடுநாள் போராடிப் பெற்ற முன்னேற்றம் இது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இந்த உரிமைகள் முதலாளி ஒருவரிடம் வேலை செய்பவருக்கு உரியவை. படித்தொகை பெறுவதற்குக்கூடப் பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதங்களில் குறைந்தது 90 நாள் வேலையில் இருந்திருக்க வேண்டும். தானே முதலாளி, தானே தொழிலாளி என்று இருப்பவருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அலுவலக வேலையில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் வளையல் செய்து விற்கும் பெண்ணுக்கு 98 நாள் சம்பளம் உண்டு. முதல் குழந்தைக்குப் பிறகு, பராமரிப்பு மையத்துக்குக் கட்டும் பணம் சம்பளத்தில் பாதியைத் தின்கிறதே என்று வேலையை விட்டுவிட்டு, அதே வளையலை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு இரண்டாம் பிரசவத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. பெண்களைத் தொழில்முனைவோராக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு வேலையை விட்டவர் எதை இழந்தார் என்பதை அந்த மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

பருவ வியாபாரத்தின் தன்மை இந்த இழப்பைப் பெரிதாக்குகிறது. சம்பளக்காரர் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் மூன்று மாத வருமானம் போகும். தீபாவளிக் கடை போடுபவர் நான்கு வாரம் தவறவிட்டால் ஓராண்டின் வருமானமே போகலாம். கணக்குக்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு செட் பட்டு நூல் வளையல் 25 வெள்ளி. நூல், அடிவளையல், கல், பசை, பெட்டி எல்லாம் சேர்த்து 8 வெள்ளி செலவு. 300 செட் விற்றால் மிச்சம் 5,100 வெள்ளி. கடை வாடகை, கூடாரம், விளக்கு, போக்குவரத்துக்கு 2,000 வெள்ளி கழித்தால் கையில் 3,100. ஆண்டு முழுவதற்கும் பிரித்தால் மாதம் 260 வெள்ளிகூட வராது. ஆனால் அந்த 3,100 வெள்ளியில்தான் ஜனவரியில் மூத்த பிள்ளையின் பள்ளிச் செலவும், கார் காப்புறுதியும், அடுத்த பருவத்துக்கான நூலும் இருக்கின்றன.

வேலை நேரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு செட்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 300 செட்டுக்கு 450 மணி நேரம். ஜூலையில் தொடங்கி நாளுக்கு நான்கு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால்தான் தீபாவளிக்கு முடியும். நவம்பரில் பிரசவம் என்று நாள் குறித்த பெண்ணுக்கு ஜூலை ஐந்தாம் மாதம். கடை போடும்போது எட்டு முடிந்திருக்கும். ஊரார் வளைகாப்புக்கெல்லாம் வளையல் கோத்துக் கொடுத்தவர், தன் வளைகாப்பைப் பருவம் முடியட்டும் என்று தள்ளி வைப்பதும் நடக்கிறது.

இந்த வேலை உட்கார்ந்து செய்யும் சுகமான வேலை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தயாரிப்பு ஒருபுறம், விற்பனை இன்னொரு புறம். சந்தையில் காலை பத்து மணிக்கு வந்தால் இரவு பத்தைத் தாண்டியும் நிற்க வேண்டியிருக்கும். அக்டோபர் மாலை என்றால் இடியும் மழையும் எதிர்பார்த்ததே. சரக்கு நனையாமல் பெட்டிகளைத் தூக்கி மாற்ற வேண்டும். கழிப்பறை இன்னொரு தொல்லை. பக்கத்து உணவகத்தில் ஒரு தே ஓ வாங்கிக் குடித்தால்தான் உரிமையோடு போய்வர முடிகிறது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கர்ப்ப காலத்தில் இது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவிடும். இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், வேளை தவறிச் சாப்பிடுவதும், சாப்பாட்டுக்குப் பதில் பலகாரத்தை வாயில் போட்டுக்கொள்வதும் சின்ன விஷயம் அல்ல. கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கையோடு வைத்திருப்பதும், சோதனை நாள் சந்தை நாளாகவே இருந்தாலும் தவறவிடாமல் இருப்பதும் வியாபாரத்தைவிட முக்கியம்.

செய்யும் பொருளையும் கவனிக்க வேண்டும். மூடிய அறையில் ரெசின் ஊற்றுவது, சோப்புக்குக் காஸ்டிக் சோடா கரைப்பது, வாசனை மெழுகு உருக்குவது ஆகியவற்றை இந்த மாதங்களில் வேறு ஒருவரிடம் விடுவது நல்லது. பலகாரம் விற்பவர்களுக்கு உணவு கையாள்வோர் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் தேவை. ஊசி போடுமுன் கர்ப்பமாக இருப்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, அரசுத் திட்டங்கள் ஒன்றுமே இல்லையா? இருக்கின்றன. நாம் சொக்சோ என்று பழகிய பெர்கேசோவிடம் சுயதொழில் செய்வோருக்கான பாதுகாப்புத் திட்டம் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு வந்தது. 2020இல் சிறு வணிகர்கள் உள்ளிட்ட பல துறைகளுக்கும் விரிந்தது. மாதம் 1,050 வெள்ளி வருமானம் என்ற அடிப்படை வகையில் ஆண்டுச் சந்தா 157.20 வெள்ளிதான். சந்தாவின் பெரும்பகுதியை அரசே ஏற்ற காலமும் உண்டு. கடையில் கூடாரக் கம்பி சரிந்து காலில் விழுந்தால் இந்தத் திட்டம் கைகொடுக்கும். சிகிச்சைச் செலவும் வேலை செய்ய முடியாத நாள்களுக்கான படியும் கிடைக்கும். கடை போடும் ஒவ்வொரு பெண்ணும் இதில் சேர்ந்திருக்க வேண்டும்; பலர் சேரவில்லை. ஆனால் பிரசவத்துக்காக வேலையை நிறுத்தும் நாள்களுக்கு இதில் படி இல்லை.

2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கான திட்டமும் தொடங்கியது. ஆண்டுக்கு 120 வெள்ளி. வீட்டு விபத்துக்கும் நிரந்தர முடக்கத்துக்கும் அது பாதுகாப்பு. பிரசவ கால வருமான இழப்பு அதிலும் இல்லை.

சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் வழியாகத் தாமாகவே பணம் போட்டவருக்கு 2025இல் அரசு 20 விழுக்காட்டை, 500 வெள்ளி வரை, கூடுதலாகப் போட்டது. நல்ல திட்டம், ஆனால் முதுமைக்கானது. 2024 மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். அதில் போய்ச் சேர்வது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. 1,000 வெள்ளி போட்டால் எடுக்கக் கிடைப்பது 100 வெள்ளி. குழந்தையின் டயப்பர் செலவுக்கே அது சில வாரம்தான் தாங்கும்.

கடன் வசதி முன்பைவிடப் பரவாயில்லை. தெக்குன் வழியாக ஸ்பூமி, அமானா இக்தியார் வழியாக 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே 50 மில்லியன் வெள்ளியில் வந்த 'பெண்' திட்டம் என்று மூலதனத்துக்கு வழிகள் திறந்திருக்கின்றன. அமானா இக்தியாரின் வழக்கமான முறை வாரத் தவணை. பத்தியச் சாப்பாட்டோடு படுத்திருக்கும் நாற்பது நாளிலும் வாரம் வந்துகொண்டுதான் இருக்கும். கடன் வாங்கும்போதே பிரசவ நாளைச் சொல்லி, தவணையை எப்படி அமைக்கலாம் என்று அதிகாரியிடம் கேட்டுவிடுவது பின்னால் வரும் நெருக்கடியைக் குறைக்கும். பெண்களுக்கென்றே அமைந்த கடனில் பிரசவ கால இடைவெளி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைப் பெண்கள் கெஞ்சிக் கேட்கும்படி விடக்கூடாது.

2025 ஆகஸ்டு 28ஆம் தேதி மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் மசோதாவும் இவர்களுக்கு உதவக்கூடியது அல்ல. அது ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து சேவை தருபவர்களுக்கானது. சந்தையில் நேரடியாக விற்பவருக்கு ஒப்பந்த நிறுவனம் என்று ஒன்று கிடையாது.

பக்கத்து நாடான சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே அரசு ஏற்கும் 16 வார மகப்பேறு விடுப்புத் திட்டத்தில் சுயதொழில் செய்யும் பெண்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு முன் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து தொழில் செய்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தொழிலை நிறுத்தியதால் வருமானம் இழந்திருக்க வேண்டும். இழப்பை ஒரு வரம்புக்குள் அரசு ஈடுகட்டுகிறது. வருமானத்துக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் வரிக் கணக்குதான் கேட்கப்படுகிறது.

இதை அப்படியே இங்கே நட முடியாது. நம் தீபாவளிக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவர்கள் அல்லர். வருமானத்துக்குத் தாள் கிடையாது. ஆனால் பெர்கேசோவில் அதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. சுயதொழில் திட்டத்தில் யாரும் வருமானத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. வகையைச் சந்தாதாரரே தேர்ந்தெடுக்கிறார்; சந்தாவும் சலுகையும் அதைப் பொறுத்தவை. அதே வகைகளின்மேல் மகப்பேற்றுப் படியைச் சேர்க்கலாம். வயிற்றில் குழந்தை வந்த பிறகு ஓடிவந்து சேர்வார்கள் என்ற அச்சம் நியாயமானது. 12 மாதச் சந்தா முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் தீர்ந்தது.

பணம்தான் உண்மையான தடை. 1,050 வெள்ளி வகையில் 98 நாளுக்கு முழுப் படி கொடுத்தால் ஒரு பிரசவத்துக்கு 3,430 வெள்ளி. ஆண்டுக்கு 157.20 வெள்ளிச் சந்தா இதைத் தாங்காது என்பது பார்த்தாலே தெரியும். சந்தாவைக் கூட்டினால் ஏழைப் பெண்கள் விலகி விடுவார்கள். ஆகவே அரசு பங்கு போட்டாக வேண்டும். ஒரே தாவலில் 98 நாள் என்று கேட்காமல் முதல் கட்டமாக 42 நாளுக்குக் கேட்டாலும் அந்த வகையில் 1,470 வெள்ளி வரும். பிரசவமான உடம்போடு பெண்ணைச் சந்தைக்கு அனுப்பாத அளவுக்காவது அது உதவும். பெண்களின் வேலைப் பங்கேற்பு 56 விழுக்காட்டுக்கு அருகிலேயே நிற்கிறது, ஆண்களுடையது 80ஐத் தாண்டிவிட்டது என்று அரசே கவலைப்படுகிறது. வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்ணைக் கணக்கில் எடுக்காமல் அந்த இடைவெளியைக் குறைப்பது கடினம்.

இவ்வளவுக்கும் புத்ராஜெயாவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சில மாற்றங்கள் ஊராட்சி மன்றங்களின் கையில் இருக்கின்றன. தற்காலிகக் கடை உரிமம் பெயருக்குரியது. வேறொருவருக்கு மாற்றக் கூடாது. உரிமத்தை வாங்கி அதிக விலைக்கு உள்வாடகைக்கு விடுவோரைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் உரிமம் எடுத்த பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் வலி கண்டால், மாமியாரோ தங்கையோ கடையில் நிற்பதும் விதிமீறலாகத் தெரியும். விண்ணப்பத்திலேயே குடும்பத்தார் ஒருவரை மாற்று ஆளாகப் பதிவு செய்யவும், மருத்துவரின் கடிதம் இருந்தால் வாடகையின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழி செய்யலாம். கடை ஒதுக்கும்போது கழிப்பறைக்கு அருகிலுள்ள இடத்தைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதற்குச் சட்டத்திருத்தம்கூடத் தேவையில்லை.

சந்தை நடத்தும் நம் அமைப்புகளும் ஆலயங்களும் முழுநாள் கடைக்குப் பதில் அரைநாள் கடை தரலாம். இரண்டு பெண்கள் ஒரே மேசையைப் பங்கு போட அனுமதிக்கலாம். சில மண்டபச் சந்தைகளில் இப்படி நடக்கிறது. வாடகையும் பாதியாகிறது, நிற்கும் நேரமும் பாதியாகிறது.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 2025 அக்டோபர் 10ஆம் தேதி, அவ்வாண்டுத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. இந்தியப் பெண் வணிகர்களுக்கான கடன் ஒதுக்கீடு எவ்வளவு என்றுதான் நம் தலைவர்களும் செய்தியாளர்களும் வழக்கமாக முதலில் பார்ப்பார்கள். சுயதொழில் திட்டத்தில் மகப்பேற்றுப் படி உண்டா என்ற கேள்வியையும் நம் மக்களவை உறுப்பினர்களில் ஒருவராவது அத்தகைய விவாதத்தில் எழுப்பலாம். அந்த உரையைக் கடையில் நின்றபடி கைப்பேசியில் கேட்கும் பெண்களில் சிலருக்கு அடுத்த மாதம் பிரசவமாக இருக்கும்.