கொச்சியில் கட்டிய கப்பலுக்கு விமானம் எங்கிருந்து?

இந்தியக் கடற்படையின் சீ ஹாரியர் போர் விமானங்கள், 33 ஆண்டுப் பணிக்குப் பின், 2016 மே 11 அன்று கோவாவில் உள்ள ஐ.என்.எஸ். ஹன்ஸா விமானத் தளத்தில் ஓய்வு பெற்றன. அவற்றை இயக்கிவந்த 300ஆம் படைப்பிரிவு, ‘வெண்புலிகள்’ என்ற தன் பெயரை விடாமல், அன்றே ரஷ்யத் தயாரிப்பான மிக்-29கே விமானங்களுக்கு மாறியது. மரபு அறுபடாமல் காக்கப்பட்டது பாராட்டுக்குரியதே. ஆயினும், விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றும் ஒரு ஜெட் விமானத்தின் ஆயுள் விடைகொடுக்கும் நாளில் முடிவதில்லை. அதை வடிவமைத்த நாடு அதன் உற்பத்தியையும் உதிரிப் பாகங்களையும் நிறுத்தும் நாளிலேயே அது முடியத் தொடங்கிவிடுகிறது. அந்த நாளைத் தீர்மானிக்கும் உரிமை இதுவரை ஒருமுறைகூட இந்தியாவிடம் இருந்ததில்லை.

இந்த வரலாற்றின் தொடக்கம் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டார மக்கள் இன்று விமானப்படைத் தளமாக மட்டுமே அறிந்திருக்கும் சூலூரில்தான், கடற்படையின் ஜெட் விமானிகளுக்கான பிரிவு 1950களின் பிற்பகுதியில் செயல்படத் தொடங்கியது, ஐ.என்.எஸ். ஹன்ஸாவும் 1961 செப்டம்பரில் அங்கேயே பணியில் அமர்த்தப்பட்டு, கோவா விடுதலைக்குப் பின் 1964இல் டபோலிமுக்கு இடம்பெயர்ந்தது. கடலோரத்தில் கொச்சியில் 1953 முதலே இயங்கிவந்த ஐ.என்.எஸ். கருடா தளத்தையும் சேர்த்துப் பார்த்தால், இந்தியக் கடற்படை வான்பிரிவின் இளமைக்காலம் பெரும்பாலும் இந்தக் கணவாயின் இரு முனைகளிலும் கழிந்தது புலப்படும். எல்லைப்பகுதிப் பள்ளிகளில் இது சொல்லித்தரப்பட வேண்டிய செய்தி.

அக்காலத்தின் விமானம் சீ ஹாக். கப்பலின் முன்பகுதியில் நீராவி அழுத்தத்தால் விமானத்தை இழுத்து எறியும் ‘கேட்டபுல்ட்’ என்னும் உந்துகவணிலிருந்து புறப்பட்டு, திரும்பும்போது வாலடிக் கொக்கியால் தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடத்தைப் பற்றி நிற்கும் வகையைச் சேர்ந்தது அது. 1960 ஜூலையில் பிரிட்டனில் இந்தியப் படைப்பிரிவு உருவாக்கப்பட்டபோது, அதே ஆண்டின் இறுதிக்குள் பிரிட்டிஷ் கடற்படை தன் முன்னணிப் படைப்பிரிவுகளிலிருந்து சீ ஹாக்கை விலக்கிக்கொண்டிருந்தது; ஆக, பிறந்தகத்தில் விடைபெறும் வேளையில்தான் அவ்விமானம் இந்தியாவில் பணியேற்றது. பின்னாளில் பற்றாக்குறையை ஈடுகட்ட மேற்கு ஜெர்மனி கழித்துவிட்ட சீ ஹாக்குகளும் வாங்கப்பட்டன. அவற்றைக் கொண்டே 1971 டிசம்பரில் விக்ராந்த் கப்பலின் விமானிகள் காக்ஸ் பஜார், சிட்டகாங் இலக்குகளைத் தாக்கி, வங்கக் கடலில் எதிரியின் கடல்வழியை அடைத்தனர் என்பது, கருவியின் வயதை மீறிய மனிதத் திறனுக்குச் சான்று. மாற்று விமானம் வந்துசேர 1983 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த மாற்றுதான் சீ ஹாரியர். அதன் பெகாசஸ் எஞ்சின், திருப்பக்கூடிய நான்கு குழல்வாய்கள் வழியே உந்துவிசையைக் கீழ்நோக்கிச் செலுத்தவல்லதால், விமானம் சிறிது தூரம் ஓடியே எழவும் செங்குத்தாக இறங்கவும் முடிந்தது. உந்துகவணும் எஃகு வடமும் தேவைப்படவில்லை. இந்த வசதியால்தான் சிறிய, பழைய கப்பல்களைக் கொண்டே இந்தியா மேலும் ஒரு தலைமுறைக் காலம் கடல் வான்படையை நடத்த முடிந்தது. அதற்குக் கொடுத்த விலையோ பெரிது: செங்குத்து இறக்கம் விமானியிடம் மிக நுட்பமான கட்டுப்பாட்டைக் கோரியது, வாங்கிய விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை விபத்துகளில் அழிந்தன, இளம் விமானிகள் பலர் உயிரிழந்தனர். பிரிட்டன் தன் சீ ஹாரியர்களை 2006இலேயே ஓய்வுக்கு அனுப்பிவிட, எஞ்சியவற்றுக்கு இஸ்ரேலிய ரேடாரையும் ஏவுகணையையும் பொருத்தி இந்தியா பத்தாண்டுகள் ஓட்டியது. பராமரிப்புத் தொழிலாளர்களின் கைவண்ணத்தை இதில் குறைத்து மதிப்பிடலாகாது. இருந்தும், உற்பத்தி நின்றுபோன விமானத்தில் ஒவ்வோர் இழப்பும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகிவிடுகிறது.

தரைத்தள விமானத்தைவிடக் கப்பல் விமானம் விரைவில் மூப்படைவதும் கவனத்திற்குரியது. உப்புக் காற்று உலோகத்தை அரிக்கிறது. வடத்தைப் பற்றி இறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரத் தாங்கிகளும் உடற்சட்டமும் கடும் அதிர்ச்சிக்கு உள்ளாகின்றன. கப்பலின் மின்தூக்கி அளவுக்கும் புறப்படும் முறைக்கும் பொருந்தும் விமானத்தை மட்டுமே ஏற்ற முடியும் என்பதால், கடைத்தெருவில் கிடைப்பதை வாங்கிவந்து இடத்தை நிரப்பவும் வழியில்லை.

பிறர் தயாரிப்பை நம்பியிருப்பதன் இடரை மிக்-29கே மீண்டும் மெய்ப்பித்தது. 45 விமானங்கள் வாங்கப்பட்டன. அவற்றுள் ஒற்றை இருக்கை விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தவை 15.93 முதல் 37.63 விழுக்காடு வரைதான் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016இல் பதிவுசெய்தார். 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு பிரான்சுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றுள் கப்பலில் இயங்கக்கூடியவை 22 மட்டுமே, மற்ற நான்கும் பயிற்சிக்கானவை.

கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2022 செப்டம்பரில் பணியேற்ற புதிய விக்ராந்த், இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. போர்க்கப்பலுக்கான சிறப்பு எஃகு வெளிநாட்டிலிருந்து கிடைக்காதபோது, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய உருக்கு ஆணையமும் இணைந்து அதை உள்நாட்டிலேயே உருவாக்கின. இந்தப் பிடிவாதம் விமானத்தில் காட்டப்படவில்லை. இலகு ரகப் போர் விமானமான தேஜஸின் கடற்படை வடிவம் 2020 ஜனவரியில் விக்ரமாதித்யா கப்பலில் வெற்றிகரமாக இறங்கிக் காட்டிய பின்னும், ஒற்றை எஞ்சினின் ஆற்றல் போதாது என்ற காரணத்தால் படையில் சேரவில்லை. அந்த மதிப்பீடு தொழில்நுட்ப நோக்கில் சரியே. எனினும் அதன் தொடர்ச்சியான இரட்டை எஞ்சின் வடிவமைப்புக்குப் பணமும் காலக்கெடுவும் ஒதுக்குவதில் காட்டப்படும் தயக்கத்தை அந்த மதிப்பீடு நியாயப்படுத்தாது.

உதிரிப் பாகங்களில் இந்த எல்லைப்பகுதிக்கே ஒரு பங்கு உண்டு. விமானப்படையின் தேஜஸ் விமானங்கள் சூலூரில் நிலைகொண்டுள்ளன. பழுதுநீக்கும் பணிமனையும் அங்கேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோயம்புத்தூர் இடம்பெற்றிருக்க, வாளையாற்றுக்கு அப்பால் கஞ்சிக்கோட்டில் ராணுவ வாகனப் பாகங்கள் செய்யும் பெமல் ஆலை நிற்கிறது. நெடுஞ்சாலை நேரே கொச்சிக்குப் போகிறது. மாநில எல்லையோடு திட்டங்கள் நின்றுவிடுவதால் இவையெல்லாம் ஒரே சங்கிலியாகக் கோக்கப்படவில்லை. சித்தூரிலும் தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் தொழிற்கல்வி முடித்து வெளியேறும் தமிழ் இளைஞர்களுக்கு அருகிலேயே கிடைக்கக்கூடிய நுண்பணி வேலைகள் இதனால் கைநழுவுகின்றன. கேரள, தமிழ்நாட்டு அரசுகள் கடற்படையுடன் ஒரே மேசையில் அமர்ந்து, இறங்குசக்கரம், கொக்கி, நீரழுத்தக் குழாய் போன்ற விரைவில் தேயும் பாகங்களிலிருந்தேனும் தொடங்கலாம்.

மிக்-29கே விமானத்தின் வடிவமைப்பு ஆயுள் 25 ஆண்டுகள். முதல் விமானங்கள் 2009 இறுதியில் இந்தியா வந்தவை. அதன்படி, அவற்றின் ஓய்வு 2034 வாக்கில் தொடங்கும். ஒரு புதிய கப்பல் விமானம் வரைபடத்திலிருந்து தளத்திற்கு வர அதுவரை எஞ்சியுள்ள காலத்தைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதால், இரட்டை எஞ்சின் விமானத்திற்கான ஒப்புதலை இந்த நிதியாண்டைத் தாண்டி ஒத்திப்போட மத்திய அரசுக்கு இடமில்லை.