பெட்டியில் வைக்க மறந்த சாமான்

தாம்பரம் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்காக, சேலையூர்வாசியான நமது இளம் நண்பர் கணக்கு எழுதும் கணினிச் செயலி ஒன்றைத் தயாரித்தார். லினக்ஸில் ஓடுவது. வீட்டில் அது குதிரை போல் ஓடிற்று. கடையிலுள்ள பழைய கணினியில் நிறுவியதும், ஒரே ஒரு வரியைச் சொல்லிவிட்டு மௌன விரதம் பூண்டுவிட்டது.

"தம்பி, உங்க வீட்டிலே ஓடினா எனக்கு என்ன லாபம்? என் கடை உங்க வீட்டிலேயா இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

இளைஞர் விழித்தார். பக்கத்தில் நின்ற நாமும் விழித்தோம். விஷயம் முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது என்பது பிற்பாடுதான் நமக்குப் புலப்பட்டது.

செயலி என்பது தனித்து வாழும் பிராணி அன்று. பிறர் எழுதி வைத்த நிரல் நூலகங்கள் பலவற்றை நம்பியே அது பிழைக்கிறது. கல்யாணத்துக்கு வந்த சமையற்காரர் கரண்டியை மட்டும் கொண்டு வந்து, "அண்டாவும் அடுப்பும் இங்கேயே இருக்குமென்று நினைத்தேன்" என்றால் எப்படியிருக்கும்? அவர் கைப்பாகத்தில் குற்றமில்லை, ஜாபிதாவில்தான் குற்றம்.

ஆகையால், கோளாறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதை முதலில் நிச்சயிக்க வேண்டும். மூல நிரலைக் கம்பைல் செய்யும்போதே 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று வந்தால், பெரும்பாலும் தலைப்புக் கோப்புகள் அகப்படவில்லை என்று பொருள். டெபியன் வகை லினக்ஸில் இவை 'டெவ்' என்று பெயர் முடியும் தனிப் பொதிகளில் இருக்கும். பகுதிகளை இணைக்கும்போது தகராறு வந்தால், ஒரு பெயர் அழைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஆசாமி வந்து சேரவில்லை. எல்லாம் முடிந்து, ஓடும் சமயத்தில் சண்டித்தனம் செய்தால், 'எல்டிடி' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எந்த நூலகம் காணவில்லை என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்.

நூறு வரிப் பிழைச் செய்தி வந்தால், கடைசி வரியைப் படித்துக் கலங்குவது நம்மவர் வழக்கம். முதலில் தோன்றிய பிழையைத் தேட வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் சந்ததிகளே.

நமது நண்பரின் செயலிக்கு நேர்ந்த விபத்து எது? தாம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கியது. 2004-ல்தான் அந்த மீட்டர் கேஜ் ஓட்டம் நின்றது. அந்நாளில் அகலப் பாதை வண்டியொன்றை அந்தத் தண்டவாளத்துக்குக் கொண்டு வந்திருந்தால், வண்டியில் ஒரு பழுதும் இல்லாமலே அது ஓடியிராது. நண்பர் தம் புத்தம் புதிய கணினியில் செயலியைக் கட்டினார். அது புதிய 'ஜிலிப்ஸி' நூலகத்தைக் கேட்டது. கடைக் கணினியில் இருந்ததோ பழையது. ரயிலுக்கு இல்லாத சலுகை ஒன்று இங்கே உண்டு. பழையதை வைத்துக் கட்டியது புதியதிலும் பொதுவாக ஓடும். புதியதை வைத்துக் கட்டியது பழையதில் ஓடுமென்று நம்புவதற்கில்லை.

விண்டோஸ் உபயோகிக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: இன்ன 'டிஎல்எல்' காணவில்லை என்று செய்தி வந்தால், ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து அதை இறக்கி வைக்காதீர்கள். அதோடு திருடனும் உள்ளே வரலாம். செயலியையோ அந்தக் கோப்பையோ தயாரித்தவர்களிடமிருந்தே பெறுவதுதான் விவேகம்.

இந்த வித்தைக்கும் நமது பிரதேசத்துக்கும் சம்பந்தம் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னை ஸி-டாக் நிலையமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-ல் தொடங்கின. இந்திய பாஷைகளில் பழகக்கூடிய 'பாஸ்' லினக்ஸை ஸி-டாக் 2007-ல் வெளியிட்டது. அது டெபியனை ஆதாரமாகக் கொண்டது. டெபியனில் ஒரு நல்ல நியதி உண்டு. ஒரு பொதியைக் கட்ட எவை வேண்டும், ஓட்ட எவை வேண்டும் என்பதை 'கண்ட்ரோல்' என்ற கோப்பில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பிறகு வெற்று அறை போன்ற சுத்தமான சூழலில், அந்த ஜாபிதாவை மட்டும் கொண்டு கட்டிப் பார்ப்பார்கள். எழுத மறந்த சாமான் உடனே அம்பலமாகிவிடும்.

மூல நிரல் நம் கையில் இருப்பது சுதந்திரத்தில் பாதிதான். எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும், வேறொரு கணினியில் நாமே அதைக் கட்டி ஓட்ட முடியுமானால்தான் மறுபாதியும் கிட்டியதாகும். இல்லையேல் கோளாறு நேரும் ஒவ்வொரு தடவையும் பிறர் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதே.

நண்பர் பழைய லினக்ஸில், வெற்றுச் சூழலில் செயலியை மறுபடி கட்டி, தேவைகளை எழுதி வைத்துக் கடைக்குக் கொண்டு சென்றார். முதல் தடவையிலேயே ஓடிற்று. காரணத்தைக் கேட்டறிந்த அண்ணாச்சி சிரித்தார்.

"இதுக்கா இத்தனை நாள்? மாச சாமானுக்கு லிஸ்ட் எழுதாம என் கடைக்கு யாருமே வர்றதில்லையே, தம்பி!"