வருவாய் பெருகிற்று, வீடு எங்கே?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் புறத்தே, வேர்ஜீனியா மாநிலத்தில் உள்ளது லவுடன் மாவட்டம். 1990 இல் 86,129 ஆக இருந்த அதன் குடித்தொகை 2020 இல் 420,959 ஆகப் பெருகிற்று. கணினித் தரவு நிலையங்களின் வரியால் அதன் திறைசேரி நிரம்புகின்றது. ஆயினும், அங்கு கற்பிக்கும் ஆசிரியர் பலருக்கு அங்கேயே வீடு வாங்க வகையில்லை. காரணம் யாது? மேற்கே விளைநிலங்களைக் காக்கும் பொருட்டு, சட்டம் குடியிருப்புகளைக் கட்டுப்படுத்துகின்றது. கிழக்கே எஞ்சிய காணிகளுக்குத் தரவு நிலையங்கள் தரும் விலையை வீடமைப்போர் தர இயலாது. விளைநிலத்தைக் காப்பது தவறென நாம் கூறோம். ஆனால், 2022 இல் அஷ்பேர்ன் வரை நீண்ட மெட்ரோ இரயில் பாதையின் நிலையங்களை அண்டியேனும் நடுத்தர வருவாயினருக்கு வீடுகள் எழவேண்டும். ஒரு தொழிலின் வரியையே நம்பிய வரவு செலவுத் திட்டம், அத்தொழில் தளருங்கால் தானும் தளரும். அந்நாள் வருமுன், நிறைந்த திறைசேரியின் ஒரு பங்கை உழைப்போரின் உறைவிடத்துக்கு ஒதுக்குவதே நீதியென்பது நமது துணிபு.