கடைசிப் பறிப்பை யார் விட்டுக்கொடுப்பது?

கினிகத்தேனைப் பக்கம் கவ்வாத்து வெட்டின மலையைப் பார்த்தா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். போன வாரம் வரை பச்சையா இருந்தது, இப்போ வெறும் குச்சி. சின்ன வயசில தாத்தாகிட்ட கேட்டிருக்கேன், நல்லா இருக்கிற செடியை ஏன் வெட்டுறீங்கன்னு. "இப்ப வெட்டாட்டி பொறகு கொழுந்து இல்ல புள்ள" என்றார்.

பருத்தியைப் பற்றி வாசிக்கும்போது அந்தப் பதில்தான் ஞாபகம் வந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்திக் காய்க்குள் புகுந்து விதையைத் தின்கிறது. சீசன் கடைசியில் வரும் புழுக்களில் பல உடனே அந்துப்பூச்சியாக மாறுவதில்லை. விதைக்குள்ளும் காய்ந்த காய்க்குள்ளும் மண்ணிலும் மாதக்கணக்கில் உறங்கி, அடுத்த பயிருக்குக் காத்திருக்கின்றன. பருத்தியை நேரத்தோடு முடித்து மாரைப் பிடுங்கி அழித்தால், அந்தக் கடைசிக் கூட்டத்துக்குச் சாப்பாடும் இல்லை, படுக்க இடமும் இல்லை.

இது புது யோசனை இல்லை. பயிர்ப் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மெட்ராஸ் மாகாணம் 1919இலேயே சட்டம் போட்டது. பழைய பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கச் சொல்ல அது வழி செய்தது. 2002இல் இந்தியாவுக்கு பி.டி. பருத்தி வந்தபோது, இனி விதையே புழுவைப் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்பினார்கள். 2010இல் குஜராத்தில் அந்தப் புழு முதல் பி.டி. ரகத்துக்குப் பழகிவிட்டது வெளியே வந்தது. பிறகு திரும்பவும் மருந்தடிப்புத்தான். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் நஞ்சேறிச் செத்துப்போனார்கள். அமெரிக்கா 2018இல் இந்தப் புழுவை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் அங்கே விதை மட்டும் போதவில்லை. மலட்டு அந்துப்பூச்சிகளை விட்டார்கள், அறுவடை முடிந்ததும் செடியை உழுது புதைத்தார்கள்.

அப்போ சட்டம் போட்டுச் சீசனை முடித்துவிடலாமா? அங்கேதான் எனக்குச் சிக்கல். செடியில் இன்னும் காய் இருக்கும்போது பிடுங்கச் சொல்கிறோம். அந்தக் கடைசிப் பறிப்பு ஒருவேளை கடன் அடைக்கிற காசு. நான் பிடுங்கி, பக்கத்துத் தோட்டக்காரர் பிடுங்காவிட்டால் என் நட்டத்துக்கு அர்த்தமே இல்லை. அந்துப்பூச்சிக்கு வேலி தெரியாது.

பெரிய தோட்டத்தில் ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டும்போது மற்ற மலைகளில் கொழுந்து எடுக்கலாம். இரண்டு ஏக்கர் பருத்திக்காரருக்கு வேறு மலை ஏது? நம் நாட்டில் தேயிலையை மீள நடும் சிறுதோட்டக்காரருக்கு மானியம் உண்டு, புதுச் செடி வளரும்வரை வருமானம் இருக்காது என்பதால். அதே நியாயம் பருத்திக்கும் பொருந்தும்.

சீக்கிரம் நிறுத்தச் சொல்வது சரியான அறிவுரை. ஆனால் ஊர் முழுக்க ஒரே நாளில் நிறுத்தணும், நிறுத்துகிறவரின் இழப்பில் ஒரு பங்கை அரசும் ஏற்கணும். அது இல்லாத அறிவுரை, தன் தட்டில் சோறு இருப்பவர் அடுத்தவரைப் பட்டினி இருக்கச் சொல்வது மாதிரித்தான்.